குடமுருட்டியில் எடுத்த பாலைவனம்

எங்கள் குடமுருட்டி ஆற்றைப் பாலைவனம் என்று காட்டிப் படம் பிடித்தார்கள் என்றால் இன்றைக்கு யார் நம்புவார்கள்? புதையல் தேடிப் பாலைவனம் போகும் பழைய வீரதீரக் கதைகளைக் கேலி செய்யும் சிரிப்புப் படம். ராஜஸ்தான் போக வக்கில்லாத கம்பெனி வலங்கைமான் பக்கம் வந்து எங்கள் ஆற்று மணலில் கூடாரம் அடித்தது. கரைத் தென்னையெல்லாம் பேரீச்சையாம். சர்க்கஸ் ஒட்டகம் ஒன்று உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. கழுதை மேல் வந்த சுல்தான் விழுந்துகொண்டே இருந்தான். ஊரே கரையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வருஷம் அணை திறக்கவில்லை. மாறி மாறி ஆண்டவர்கள் காவிரியை மீட்போம் என்று மேடைக்கு மேடை தொண்டை கிழியக் கத்தினார்கள். வாய்க்காலில் ஒரு சொட்டு இல்லை. எங்களுக்கென்று இருந்தது குத்தகை நிலம் ஒன்றுதான். "இந்த வருஷமும் தரிசாப் போட்டீங்கன்னா நெலத்தை விட்டுடுங்க" என்று மிராசுதார் கறாராகச் சொல்லிவிட்டார். உழுதவனுக்கு நிலம் என்று சுவரெல்லாம் எழுதியிருந்தது. தாலுகா கச்சேரிக் குத்தகைப் பதிவில் எங்கள் பேர் இல்லை.

ஆற்றில் ஊற்றுத் தோண்டி, நானும் என் வீட்டுக்காரரும் குடம் குடமாகச் சுமந்து நாற்றங்காலுக்கு ஊற்றினோம். ஐப்பசி மழை வரும்வரை நாற்று பிழைத்தால் நிலம் எங்களிடம் நிற்கும். ஒரு நாள் ஊற்றில் வெறும் சேறுதான் வந்தது.

"நடு ஆத்துப் பள்ளத்துல எப்பவும் வத்தாதுடி" என்றார் அவர். அந்தப் பள்ளத்தைச் சுற்றித்தான் கம்பெனிக்காரர்கள் கயிறு கட்டியிருந்தார்கள். கால்தடம் விழுந்தால் பாலைவனம் கெட்டுப்போகுமாம், நாசமாய்ப் போக! உள்ளே போக வேறு வழி தெரியாமல், தாகத்தில் சாகும் கூட்டத்தில் ஒருவராக நடிக்க அவர் சேர்ந்துகொண்டார்.

வெள்ளை அங்கி மாட்டிவிட்டு ஊர்ந்து போகச் சொன்னார்கள். அவர் நேராகப் பள்ளத்துக்கு ஊர்ந்துபோய்த் தோண்ட ஆரம்பித்தார். முழங்கை இறங்கியது. தோள் இறங்கியது. மேலே வந்ததெல்லாம் காய்ந்த மணல். தலையையும் குழிக்குள் விட்டுத் தோண்டினார்.

"யாருய்யா அது? பிரமாதம்யா! கேமராவ அவன் மேல போடு!" என்று டைரக்டர் துள்ளினார். சுல்தான் ஓடிவந்து என் வீட்டுக்காரர் மேல் தடுக்கிக் குட்டிக்கரணம் அடித்தான். கரையில் ஒரே விசில்.

அவர் முதுகு குலுங்கியது எனக்குத் தெரிந்தது. கயிற்றைத் தாண்டி ஓடினேன். "அய்யோ, போதும், எந்திரிங்க." முகமெல்லாம் மணலோடு நிமிர்ந்தார். "இங்கயும் இல்லடி" என்று குழந்தைபோல அழுதார்.

"அந்தம்மாவ வெளிய தள்ளுய்யா!" என்றது மைக்.

அந்த வாரமே நாற்று கருகியது. தை பிறப்பதற்குள் நிலம் கை மாறிவிட்டது.

படம் டெண்டுக் கொட்டகைக்கு வந்தபோது பார்த்தே தீருவேன் என்றார். "புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?" என்று கத்தினேன், கேட்கவில்லை. அந்தக் கட்டம் வந்ததும் கொட்டகை அதிர்ந்தது. ஒன்ஸ் மோர் கேட்டுப் பெஞ்சைத் தட்டினார்கள். எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது. அவர் திரையில் தோண்டும் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்:

"இன்னும் ஒரு மொழம் தோண்டியிருக்கணும்டி."