நாங்களே போய்க் கேட்டு வாங்கிய பூட்டு

அறுபதுகளின் நடுவில், ஓர் ஆனி மாதம், காரைக்குடியில் நடந்தது இது. அப்போது சிவகங்கை மாவட்டமெல்லாம் கிடையாது, ராமநாதபுரம் ஜில்லா என்றுதான் விலாசம் எழுதுவோம். எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

என் வீட்டுக்காரர் நகை வேலை செய்பவர். செட்டியார் வீட்டுக் கல்யாணங்களுக்குக் கழுத்துரு என்கிற பெரிய தாலிச் சரம் செய்கிற கை அவருடையது. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பதினாலு காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றார்கள். பதினாலு காரட்டில் யார் தாலி செய்வார்கள்? பட்டறை அடுப்பு அணைந்தது. அவரோடு வேலை பார்த்தவர்களில் ஒருவர் வெற்றிலை பாக்குக் கடை வைத்தார், இன்னொருவர் கோயம்புத்தூர் மில்லுக்குப் போய்விட்டார். எங்களுக்கென்று இருந்தது வீடு மட்டும்தான். காலேஜுக்குப் போகிற வழியில், பின்கட்டில் வரிசையாக அறைகள் உள்ள வீடு. பிள்ளைகளைக் காலேஜில் சேர்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் இரண்டு நாள் தங்க இடம் தேடி அலைவதைப் பார்த்து, "சும்மா கிடக்கிற அறைகளை அவுகளுக்கு விட்டா என்ன?" என்று நான்தான் கேட்டேன்.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கூடவே முனிசிபாலிட்டி சுகாதார இன்ஸ்பெக்டரும் வந்தார். ஒல்லியான மனிதர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. லைசென்ஸ் இல்லாமல் வெளியூர் ஆட்களைத் தங்க வைக்கக் கூடாது என்றார். என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"ஒரு சட்டம் வந்து பட்டறைய மூடுச்சு. இப்ப வீட்டையும் மூட வந்துட்டீகளா?" என்று சத்தம் போட்டார்.

இன்ஸ்பெக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். அறை அறையாகப் போய்ப் பார்த்தார். ஒவ்வொரு அறைக்கும் ஜன்னல் வேண்டும், தங்குகிறவர்களுக்குத் தனிக் கக்கூஸ் வேண்டும், கிணற்றுக்குப் பூட்டுகிற மாதிரி மூடி வேண்டும் என்றார். போகும்போது இன்னொன்றையும் சொன்னார். தங்குகிறவர்களில் யாருக்குத் தொத்து வியாதி வந்தாலும் உடனே ஆபீசில் சொல்லிவிட வேண்டும், மறைத்தால் லைசென்ஸ் போய்விடும்.

"இந்தத் தொல்லையே வேணாம், விட்டுருவோம்" என்றார் இவர்.

"ஜன்னல்தானே கேக்குறாக, வானத்தையா கேக்குறாக?" என்றேன் நான்.

ஆத்தங்குடியிலிருந்து என் அண்ணன் வந்தார். அவர் கொத்தனார். அவரும் இவருமாகச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்தார்கள். கக்கூஸ் கட்டினார்கள். கிணற்று மூடியை மட்டும் இவர் முணுமுணுத்துக்கொண்டேதான் போட்டார். லைசென்ஸ் வந்ததும் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசல் நிலைக்குப் பக்கத்தில் மாட்டினார். "சட்டத்துக்கே சட்டம் போட்டாச்சு" என்று அவர் சொன்னபோது, பட்டறை மூடியபிறகு முதல் தடவையாக அவர் வாயில் ஒரு கேலியைக் கேட்டேன்.

அந்த ஆனி மாதம் காலேஜ் சேர்க்கை நேரம். எல்லா அறையிலும் ஆட்கள். மாயவரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி மகனைச் சேர்க்க வந்திருந்தார்கள். ஒரு நாள் காலையில் நான் கோலம் போட்டுவிட்டு உள்ளே வரும்போது, அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க முடியாமல் நின்றார். விடியற்காலையிலிருந்தே வாந்தியும் பேதியுமாம். போவது அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. கண் உள்ளே போய், விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது. பக்கத்து ஊர்களில் காலரா என்று அந்த வாரம் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. இவரைக் கூப்பிட ஓடினேன்.

அந்த அம்மாவின் கணவர் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, வெளியில சொல்லிடாதீங்க. நாளைக்குப் பையனைக் காலேஜ்ல கூப்பிட்டிருக்காங்க. இந்த நேரத்துல காலரான்னு பேர் கட்டிட்டா என்ன ஆகும்? ஒரு வாடகைக் கார் மட்டும் பிடிச்சுக் கொடுங்க. எப்படியாவது ஊருக்குக் கொண்டு போயிடறேன்."

கார் பிடித்துக் கொடுத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த ஒரு மாத வரும்படியில்தான் எங்கள் வருஷமே ஓடவேண்டும். இவர் கிணற்றடியில் போய் நின்றார். நான் பின்னாலேயே போனேன்.

"சொன்னா பூட்டிருவாக" என்றேன் மெதுவாக.

"தெரியும். தெருவே இந்தக் கெணத்துலதான் தண்ணி எடுக்குது. நாம வாய மூடிக்கிட்டு இருந்து, நாளைக்கு ஒரு பச்சப்புள்ள போச்சுன்னா, அதுக்கு எந்த ஆபீசுல போயி லைசென்ஸ் வாங்குறது? அந்தம்மாவும் காருல போனா வழியிலேயே முடிஞ்சுரும்."

சொல்லிக்கொண்டே வாளியையும் கயிற்றையும் தூக்கி உள்ளே போட்டார். முணுமுணுத்துப் போட்ட அந்த மூடியை இழுத்துப் பூட்டினார். சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே முனிசிபாலிட்டிக்குப் போனார். சட்டம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எரிந்து விழுகிற மனிதர் போவதை வாசலில் நின்று பார்த்தேன். பயமாகவும் இருந்தது, என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு நிமிர்வும் நெஞ்சுக்குள் இருந்தது.

என் பிள்ளைகளைப் பட்டறை அறையைவிட்டு வரக்கூடாது என்று உட்கார வைத்துவிட்டு, அந்த அம்மாவுக்கு உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன்.

"உங்க பொழைப்பைக் கெடுத்துட்டேனேம்மா" என்று அழுதார் அவர்.

"அதெல்லாம் பெறகு பேசிக்கலாம். முதல்ல இதக் குடிங்க" என்றேன். அவர் கை பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது.

ஆஸ்பத்திரி வண்டி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. தங்கியிருந்தவர்கள், நாங்கள், தெருவில் உள்ளவர்கள் எல்லோருக்கும் ஊசி. கிணற்றில் மருந்து கொட்டினார்கள். தங்கியிருந்தவர்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டு, பின்கட்டு அறைகளைப் பூட்டி, கதவில் நோட்டீஸ் ஒட்டினார் இன்ஸ்பெக்டர். பசை பிடிக்காமல் காகிதம் உரிந்து உரிந்து வந்தது. என் வீட்டுக்காரரே பக்கத்தில் போய், அது காயும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் கஷ்டம். பால்காரி எங்கள் வாசலுக்கு வராமல் தெருமுனையோடு திரும்பிவிடுவாள். ஊசி போட்டதில் எதிர்வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. "ஊருல போறவுக வாரவுகளயெல்லாம் சேத்து வச்சுக்கிட்டு எங்களையும் சேத்துல்ல கொல்லுறாக" என்று எதிர்வீட்டு அம்மாள் காதுபடப் பேசினார். எங்களைப் போலவே ஆள் தங்க வைத்த இன்னொருவர், "நீகளா போயி சொல்லி மாட்டிக்கிட்டீகளே" என்று இவரிடம் சிரித்தார். இவர் யாரிடமும் வாதாடவில்லை. கோட்டையூரில் சொந்தக்காரரின் மரப்பட்டறைக்குப் போய்க் கூலிக்குப் பலகை இழைக்கிற இழைப்புளி தள்ளினார். மெல்லிய தங்கக் கம்பியை முறுக்கிய விரல்களெல்லாம் கொப்புளமாக வரும். நான் எண்ணெய் தடவி விடுவேன்.

மாயவரத்து அம்மா பிழைத்துக்கொண்டார். அவரைத் தவிர தெருவில் ஒருவருக்கும் நோய் வரவில்லை, எதிர்வீட்டுப் பிள்ளைக்கும் வரவில்லை. அது தெரிந்த அன்று இவர் சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து, கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருப்பதாகச் சொல்லி நோட்டீஸைக் கிழித்தார். பூட்டைத் திறந்தார். போவார் என்று பார்த்தால் போகவில்லை. தயங்கித் தயங்கி, "எங்க அப்பா அம்மா ஊர்லேருந்து வர்றாங்க. என் வீட்டுல இடம் பத்தாது. இங்கே தங்க வைக்கலாமா? தங்கச்சியும் வருது. மூணு பேரும் ஒரே அறையில இருந்துக்குவாங்க" என்றார்.

தெருவே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "தாராளமா வரச் சொல்லுங்க. ஆனா ஒரு அறையில ரெண்டு பேருதான் தங்கலாம்னு லைசென்ஸ்ல எழுதியிருக்கீக. தங்கச்சிக்கு வேற அறை தாரேன்."

இன்ஸ்பெக்டர் வாசலில் மாட்டியிருந்த லைசென்ஸைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். எதிர்வீட்டு அம்மாளும் சிரித்தார். மறுநாள் பால்காரி வாசலில் வந்து குரல் கொடுத்தாள். அடுத்து வந்த எதிர்வீட்டுக் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் தங்கியது எங்கள் பின்கட்டில்தான்.

பின்னால் தங்கச் சட்டம் தளர்ந்ததும் இவர் பட்டறைக்குத் திரும்பினார். தங்கும் வீட்டை நான் பார்த்துக்கொண்டேன். எழுபதுகள் முழுக்க, லைசென்ஸ் என் பெயரில் வந்தது. மாயவரத்து அம்மா மகனைப் பார்க்க வரும்போதெல்லாம் எங்களிடம்தான் தங்குவார்.

இன்றும் யாராவது உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டால், நகை வேலை என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனம் வருவதில்லை. தன் வீட்டுக்கு விழுகிற பூட்டு என்று தெரிந்தே, தெருப் பிள்ளைகளுக்காகச் சைக்கிள் மிதித்துப் போய்ச் சொன்னவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவரைப் பற்றி முழுதாகச் சொன்ன மாதிரி இருக்கிறது.