காவி கட்டிய தெரு

இன்னொரு பிள்ளை உண்டானால் தாயைப் பிழைக்கவைக்க முடியாது என்று அந்த வெள்ளைக்கார டாக்டரம்மாள் இங்கிலீஷில் சொன்னார். பக்கத்தில் நின்ற நர்சு தமிழில் சொல்ல வாயெடுப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. ராயபுரத்தில் கன்னியர்கள் நடத்திய பள்ளியில் நான் அப்போதுதான் கீழ்வகுப்பு வாத்தியாரம்மாவாகச் சேர்ந்திருந்தேன். அந்த அளவுக்கு இங்கிலீஷ் எனக்கு இருந்தது. கட்டிலில் என் அக்கா வெளிறிப்போய்க் கிடந்தாள். அது அவளுக்கு ஏழாவது பிரசவம். உள்ளே கிழிந்து தைத்திருந்தார்கள். பிள்ளை தங்கவில்லை.

"உண்டாகாமல் இருக்க என்ன செய்யணும்?" என்று கேட்டேன். டாக்டரம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணமாகாத பெண் கேட்கிற கேள்வியா என்று நினைத்திருப்பார். புருஷனிடமிருந்து விலகியிருக்கச் சொல் என்றுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஆளைக் கொல்லக்கூடிய வியாதி, அதற்கு மருந்து ஒரே ஒரு வாக்கியம்! அதுவும் போகிற போக்கில்.

விலகியிருக்க இடம் எங்கே? எங்கள் வீடு ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும்தான். அதில் அக்கா, ஹார்பரில் கிரேன் ஓட்டும் அக்கா புருஷர், அவர்களுக்குப் பிழைத்த நான்கு பிள்ளைகள், அப்பா அம்மா போன பிறகு அவர்களோடு வந்து ஒட்டிக்கொண்ட நான். ஹார்பருக்குக் கல்சுவர் போட்டதிலிருந்து வடக்கே கடல் கரையை அரித்துக்கொண்டே வந்தது. வருஷத்துக்கு ஒரு வரிசை வீடாவது மண்ணோடு சரியும். சரிந்த வீட்டுக்காரர்கள் எங்கே போவார்கள்? சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்கு வருவார்கள். இருந்த கிணறு ஒன்றே ஒன்று. நாள் முழுக்க இறைத்து இறைத்து அதுவும் உப்புக் கரிக்கத் தொடங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமாகிட்ட சொல்லாதடி. எங்கையில அடிச்சி சத்தியம் பண்ணு."

"ஏன்க்கா? அவருக்குத் தெரிஞ்சாதானே விலகியிருப்பாரு?"

"நீ சொல்லாத. நான் பாத்துக்கறேன்."

அடித்துக் கொடுத்தேன். எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்த மாதமே எங்கள் பள்ளிக்கூடத்து ஹாலில் ஒரு கூட்டம் நடந்தது. பட்டணத்திலிருந்து தங்கக் கண்ணாடி போட்ட ஒரு கனவான் வந்தார். ஜனத்தொகையைப் பற்றி ஏழைப் பெண்களுக்கு உபந்நியாசம். தெருப் பெண்களையெல்லாம் வரவழைத்துப் பாயில் உட்கார வைத்திருந்தோம். நாட்டில் சோறு போதவில்லை, தண்ணீர் போதவில்லை, இருக்க இடம் போதவில்லை, இதற்கெல்லாம் காரணம் நீங்கள் கணக்கில்லாமல் பெறுவதுதான் என்றார். எங்கள் அடுத்த வீட்டுக்காரி எழுந்தாள். காசிமேட்டில் மீன் வாங்கி வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் கூவி விற்கிறவள். அவள் குரலுக்கு மைக்கு வேண்டாம்.

"எடத்த கடலு துன்னுச்சி நைனா, நாங்களா துன்னோம்?" என்றாள். ஹாலே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "சரி, பெத்துக்காத இருக்கணும்னா இன்னா பண்ணணும்? அத்த சொல்லு."

கனவானுக்கு முகம் சிவந்துவிட்டது. புலனடக்கம் வேண்டும், விரதம் வேண்டும் என்று மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அத்த ஆம்பளைங்களக் கூப்ட்டு வெச்சி சொல்லணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் உட்கார்ந்தாள். அதே கனவான் மறுவாரம் பட்டணத்தில் படித்தவர்கள் சபையில் பேசினார் என்றும், பிள்ளை உண்டாகாமல் தடுக்க என்னென்ன சாமான் எந்த மருந்துக் கடையில் கிடைக்கும் என்பதையெல்லாம் இங்கிலீஷில் விளக்கினார் என்றும் எங்கள் தலைமையாசிரியை முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார். மனிதருக்குத் தெரிந்திருக்கிறது! தெரிந்தே எங்களிடம் மின்விசிறியைப் பார்த்திருக்கிறார். இத்தனை வருஷம் கழித்தும் அந்தத் தங்கக் கண்ணாடியை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் அவர் சொன்னதில் விரதம் என்ற ஒரு சொல்லை அக்கா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் கிறிஸ்தவர்களில் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு காவி கட்டுகிற வழக்கம் உண்டு. நடந்தே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டால், போய்ச் சேரும்வரை காவிதான் உடுத்த வேண்டும். கவுச்சி தொடக்கூடாது. புருஷன் பெண்சாதி தனித்தனிப் பாயில் படுக்க வேண்டும். இதை மீறினால் மாதா கோபிப்பாள் என்று ஆண்களுக்கே உள்ளூரப் பயம். உடம்பு தேறி எழுந்ததும் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை காவிச் சேலையில் பூசைக்கு வந்து நின்றாள். உயிர் பிழைத்ததற்கு நேர்ச்சை என்று மாமாவிடம் சொல்லியிருந்தாள். மாமா நல்ல மனிதர். குடி கிடையாது, கை நீட்ட மாட்டார். சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் பாயைச் சுருட்டி வாசல் பக்கம் போட்டுக்கொண்டார்.

"எப்போக்கா வேளாங்கண்ணி போறே?" என்று நான் கேட்டேன்.

அக்கா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "நடந்து வரேன்னுதான் நேந்துகினேன். எந்த வருசம்னு மாதாகிட்ட சொல்லல."

அக்கா பயபக்தி உள்ளவள், செபமாலை சொல்லாமல் தூங்க மாட்டாள். அவளா மாதாவிடமே இப்படி ஒரு சாமர்த்தியம் செய்கிறாள்? அப்புறம் ஒரு கணம் யோசித்தேன். மாதாவும் பெண்பிள்ளைதானே, புரிந்துகொள்ள மாட்டாளா என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். மீன் இல்லாமல் ஒரு கவளம் இறங்காதவள், பிள்ளைகளுக்கு நெத்திலி வறுத்துக் கொடுத்துவிட்டுத் தான் வெறும் ரசத்தோடு எழுந்துகொண்டாள்.

சூட்சுமத்தை முதலில் கண்டுபிடித்தவள் அடுத்த வீட்டுக்காரிதான். கேட்கவில்லை, விசாரிக்கவில்லை, அக்காவை நாலு நாள் உற்றுப் பார்த்தாள். ஐந்து பிள்ளைக்காரி, ஆறாவது வேண்டாம் என்று அந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்திருப்பாள் போல. அடுத்த ஞாயிறு அவளும் காவி. பிறகு எதிர்வீட்டுக்காரி. பிறகு கிணற்றடி வீட்டில் இரண்டு பேர். காவி கட்டிக்கொண்டு தலையில் வஞ்சிரக் கூடையோடு போகிறவளைப் பார்த்து வண்ணாரப்பேட்டையில் சிரித்தார்களாம். ஹார்பர் ஆட்கள் எங்கள் தெருவுக்குச் சாமியாரிணி சந்து என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பங்குச் சாமியாருக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. இந்தத் தெருவின் பக்தியை மற்றத் தெருக்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பிரசங்கத்திலேயே சொன்னார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வீட்டுக்காரி என் விலாவில் இடித்தாள்.

வேளாங்கண்ணித் திருவிழா வந்தது, போயிற்று. தெருவில் ஒருத்தியும் நடக்கவில்லை. அடுத்த திருவிழாவும் வந்தது. கால் வலி என்றாள் ஒருத்தி, கைப்பிள்ளை என்றாள் ஒருத்தி. ஆண்கள் கள்ளுக்கடையில் கூடிக் கூடிப் பேசினார்கள். பேசியது சாமியார் காதுக்குப் போயிற்று.

ஒரு ஞாயிறு பூசை முடியும் நேரத்தில் சாமியார் அறிவிப்பு ஒன்று செய்தார். பெண்சாதி செய்துகொண்ட நேர்ச்சை குடும்பத்துக்கு இடைஞ்சலாக இருந்தால், புருஷன் வந்து சொல்லலாம். அதை மாற்றிக் கொடுக்கத் திருச்சபைச் சட்டத்தில் இடமிருக்கிறது. அப்படிச் சொல்ல விரும்புகிறவர்கள் இப்போதே பின்கட்டுக்கு வரலாம்.

ஆண்கள் வரிசையில் நின்றார்கள். இதை என் கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். குளித்து, எண்ணெய் வைத்துச் சீவி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு, ரேஷன் வாங்க நிற்பதுபோல நின்றார்கள். கோவிலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் காவிச் சேலைகள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தன. உள்ளே போய்த் தன் நேர்ச்சையைப் பற்றிச் சொல்லும்படி ஒருத்தியையும் கூப்பிடவில்லை. அவள் வாயால் மாதாவிடம் சொன்ன வார்த்தை, அதை இவன் போய் வாபஸ் வாங்கிக்கொண்டு வருகிறான்! வரிசையில் ஏழாவதோ எட்டாவதோ ஆளாக எங்கள் மாமா நின்றார். அக்கா அவரைப் பார்த்துவிட்டாள். கடைக்குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மாமா வீட்டுக்கு வரும்போது முகத்தில் சந்தோஷமே இருந்தது. அக்கா பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சாமியாரு மாத்திக் குட்துட்டாரு. சனிக்கெழமையில ஒரு செபமாலை சொன்னா போதுமாம். காவிய அவுத்துடு. மீனு வாங்கியாரட்டா? வவ்வா வந்துகீதாம்."

அவளுக்குப் பிடித்த மீனை வாங்கிவரக் கேட்கிறார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கையில் அடித்துக் கொடுத்த சத்தியம் எந்த மூலைக்குப் போயிற்றோ! "மீன் வாங்கிட்டு வர்றப்போ சவப்பெட்டிக்கும் சொல்லிட்டு வாங்க மாமா" என்று கத்தினேன். டாக்டரம்மாள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கொட்டினேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தன. பெரியவளை இழுத்து, தம்பி தங்கைகளைக் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போகச் சொன்னேன்.

மாமா சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல? நான் உன்ன சாவடிச்சிடுவேன்னா நெனச்சே?"

அக்கா அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்தாள். "ஆமாயா" என்றாள்.

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது. உப்பு இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பதுபோலச் சொன்னாள்.

"போன தபாவே ஒடம்பு முடியல, வேணாம்னு சொன்னேன். அதுக்கு முந்தின தபாவும் சொன்னேன். உன் காதுல வுழல. டாக்டரு சொன்னா மட்டும் வுழுமான்னு எனுக்கு எப்டி தெரியும்? மாதா பேரச் சொன்னேன், கேட்டுகினே."

மாமா அழுதார். ஹார்பரில் இரும்புக் கம்பிகளைத் தூக்கி இறக்குகிற மனிதர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுததை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. சாப்பிடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு சாமியாரிடம் போய்விட்டார்.

வெயில் தாழச் சாமியாரே அவரோடு வீட்டுக்கு வந்தார். பதறிப்போயிருந்தார் பாவம். டாக்டர் சொல்லியிருப்பது தனக்குத் தெரியாமல் போயிற்று என்றார். அக்காவின் நேர்ச்சை அப்படியே இருக்கட்டும், நடந்துபோகவும் வேண்டாம், ஆயுசுக்கும் அது செல்லும் என்று சிலுவை போட்டுவிட்டு எழுந்தார். எனக்கு உயிர் வந்தது. அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

வாசலில் அடுத்த வீட்டுக்காரி நின்றாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓலைத் தட்டிதான், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவள் புருஷன்தான் காலையில் வரிசையில் முதல் ஆள்.

"சாமி, எனுக்கும் திருப்பிக் குட்துடுங்க."

"உனக்கு டாக்டர் என்ன சொன்னார்?" என்றார் சாமியார்.

"டாக்டர நான் பாத்ததே இல்ல சாமி."

"உடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு இன்னா? கல்லாட்டம் கீறேன்."

"புருஷன் அடிக்கிறானா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்புறம் எதற்கு?"

"போதும் சாமி."

அவள் மேற்கொண்டு ஏதாவது சொல்வாள் என்று சாமியார் காத்திருந்தார். அவளிடம் மேலே சொல்ல ஒன்றும் இல்லை. கர்த்தர் நல்ல உடம்பைக் கொடுத்திருக்கிறார், அவருக்கு நன்றி சொல் மகளே என்று அவள் நெற்றியிலும் சிலுவை போட்டுவிட்டுப் போனார். மாமாவும் அவரோடு தெருமுனைவரை நடந்தார். அவள் காவியை அன்றே அவிழ்த்துவிட்டாள்.

அடுத்த வேளாங்கண்ணித் திருவிழாவுக்குள் அவளுக்கு ஆறாவது பிறந்தது. சுகப் பிரசவம். ஞானஸ்நானத்துக்கு அக்காவையே ஞானத்தாயாக இருக்கச் சொல்லிக் கூப்பிட்டாள். கோவிலிலிருந்து திரும்பும்போது மூன்று பேரும் சேர்ந்து நடந்தோம். குழந்தை அக்கா கையில் இருந்தது. அக்கா அப்போது நன்றாகத் தேறி, கன்னத்தில் சதை வைத்து, பார்க்கவே லட்சணமாக இருந்தாள். அடுத்த வீட்டுக்காரி அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, கேலி கொஞ்சமும் இல்லாமல், மனசாரச் சொன்னாள்:

"நீ குட்து வெச்சவ. உனுக்கு வியாதி கீது."