தாய்மாமன் மிதிக்கேலாத வாசல்

இஞ்ச கனடாவில, ஆத்துக்கு அங்கால, புரோசார்ட் தாண்டிப் போகேக்க பெருந்தெருவில இருந்தே தெரியிற கசினோ ஹோட்டலிலதான் எனக்கு வேலை. திறந்த காலத்தில இருந்து அங்கதான் நிக்கிறன். மனேஜர்மார் மாறிட்டினம், கம்பளம் மாறிட்டுது, ஹோட்டலின்ர பேரும் ஒருக்கா மாறிட்டுது. மாறாமல் கிடந்தது என்ர முழங்கால்தான். இப்ப அதையும் மாத்தவேணும் எண்டு டொக்டர் சொல்லுறார்.

நான் விருந்து மண்டபத்தில நிக்கிறனான். மேசை விரிக்கிறது, கதிரை போடுறது, பேந்து எல்லாத்தையும் அடுக்கி வைக்கிறது. அதால அந்த இடத்தின்ர சரித்திரத்தைக் கேட்டால் நான் மேசையில இருந்துதான் சொல்லுவன். முதல் காலத்தில வட்ட மேசை, வெள்ளை விரிப்பு, மெழுகுதிரி. மேடையில தலை நிறைய இறகு குத்தின பொம்பிளையள் ஆடுவினம். சனமும் கோட்டுச் சூட்டோட வரும். பேந்து பிரெஞ்சுப் பாட்டுக்காரர் வந்தினம், வயசுபோனவை லேஞ்சியால கண்ணைத் துடைச்சுத் துடைச்சுக் கேட்டினம். அது படுத்தாப்போல ஒரு மாயவித்தைக்காரன். அவனுக்குப் பிறகு, செத்துப்போன பாடகர்மார் மாதிரி வேஷம் கட்டிப் பாடுறவை. ஒருக்கா எங்கட ஆக்களின்ர இசைக்குழுவும் பாடினது. மைக் இரைஞ்சதுதான் மிச்சம். கடைசியா ஒருத்தரும் வராத காலம் வந்துது. கையில போன் இருக்கேக்க ஆர் குளிருக்குள்ள வெளிக்கிட்டு வாறது? மண்டபத்தைக் கலியாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் வாடகைக்கு விடத் தொடங்கினாங்கள்.

உள்ளதைச் சொன்னால் அந்த ஆட்டத்தையும் பாட்டையும் முதலாளிமார் ஒருநாளும் பெரிசா எடுத்ததில்லை. வாற சனத்துக்கு மண்டபத்தால வெளியில போக ஒரே ஒரு வழி. அது சூதாட்ட மெஷினுகளுக்கு நடுவாலதான் போகும். தூண்டில்காரன் புழுவின்ர அழகைப் பாக்கிறானே?

என்ர அண்ணையும் அந்த வழியாலதான் போனவர். தன்ர பெண்சாதி, என்ர மச்சாளோட மாயவித்தை பாக்க வந்த மனிசன், திரும்பிப் போகேக்க ஒரு மெஷினுக்கு முன்னால குந்தினார். சென்ட் லோரன்டில தொழிற்சாலை வேலை செய்து, என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டு, கலியாணமும் கட்டித் தந்தவர் அவர். எனக்குத் தகப்பன் மாதிரி. அப்பிடிப்பட்டவருக்கு வீடும் போச்சு. மச்சாள் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு டொரன்டோவுக்குப் போட்டா. அதுக்குப் பிறகு ஒருநாள் அவரே போய், தன்னை உள்ள விடவேண்டாம் எண்டு எழுதிக் குடுத்தார். அப்பிடி ஒரு முறை இருக்கு. எழுதிக் குடுத்த ஆள் வாசலுக்கு வந்தால் காவல்காரர் மறிச்சு அனுப்புவினம். மண்டபத்துக்குத்தான் வந்தனான் எண்டாலும் விடமாட்டினம். அண்டைக்கு நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சனான்.

போன வருசம் என்ர மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியப்பட்டாள். என்ர மனிசனுக்கு, அவளின்ர தகப்பனுக்கு, எதையும் ஊர் மெச்சச் செய்யவேணும். அங்க வேலை செய்யிறவைக்கு மண்டபம் மலிவு எண்டு கேள்விப்பட்டு, ஒருத்தரையும் கேளாமல் பதிஞ்சுபோட்டு வந்து நிண்டார். அழைப்புக் காட் அடிச்சு, சொந்தக்காரர் எல்லாருக்கும் குடுத்து முடிச்ச பிறகுதான் அண்ணையின்ர விசயம் எங்களுக்கு உறைச்சது. எனக்கும்தான். பெட்டையின்ர தலையில பால் அறுகு வைச்சு, மாலை போட்டு, கையைப் பிடிச்சு மேடைக்குக் கூட்டிக்கொண்டு போறது தாய்மாமன். அந்தத் தாய்மாமன் மிதிக்கேலாத வாசலுக்குள்ள சாமத்தியவீடு வைக்க எங்கட வீட்டு ஆக்களாலதான் ஏலும். விசர்க் கூட்டம்.

அண்ணைக்குச் சொல்ல அவர் கோவிக்கேல்ல. ஒன்றுவிட்ட தம்பியை வைச்சு நடத்தச் சொன்னார். தான் வெளியில நிண்டு மருமகளை வாழ்த்திறன், எழுதிக் குடுத்ததை மீறமாட்டன் எண்டார். அதைக் கேட்டு என்ர மனிசன் அழுதே போட்டார். டொரன்டோ வரைக்கும் போன் அடிச்சு, மனிசன் எண்டால் இவரெல்லோ மனிசன் எண்டு சொன்னார். மச்சாள் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாவாம். ஆர் கண்டது, திரும்பி வந்தாலும் வருவா எண்டு எனக்கும் ஒரு ஆசை முளைச்சது.

சடங்கு நாள் காலமை எனக்கு மனம் கேக்கேல்ல. கூடப்பிறந்தவரை வெளியில விறைக்க விட்டிட்டு நான் என்னெண்டு பட்டுச்சீலையோட சிரிச்சுக்கொண்டு நிக்கிறது? காவல்காரருக்குப் பெரியவரிட்டப் போனன். அவர் ஒரு ஹெயிட்டிக்காரர், என்னைப்போலத் திறந்த காலத்தில இருந்து நிக்கிறவர். எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சில கெஞ்சினன். சமையலறைப் பக்கத்தால கொண்டுவாறன், மாலை போட்ட உடன நானே கூட்டிக்கொண்டு போய் விடுறன் எண்டு சொன்னன். அவர் திகைச்சுப்போய்க் கேட்டார்.

"உன்ர அண்ணனோ? அவர் எழுதிக் குடுத்த தடைக்காலம் முடிஞ்சு கனகாலம். இந்தச் செவ்வாய்க்கிழமையும் வந்தவர். உனக்குத் தெரியாதோ?"

செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு நாள்.

அண்ணை பின்பக்கம், சாமான் இறக்கிற இடத்தில நிண்டார். வேட்டிக்கு மேல குளிர்க்கோட்டு, கையில மாலைப் பை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மாலையைப் பறிச்சுப் பனிக்குள்ள எறிஞ்சிருக்கவேணும். ஏலாமல் போச்சு. கோவிக்கிறதுக்கும் உடம்பில தெம்பு வேணும். உள்ள விடுவினமாம், வாங்கோ எண்டு மட்டும் சொன்னன். எப்பிடி எண்டார். கேட்டனான் எண்டன். அதோட அவற்ற முகம் செத்துப் போச்சு. என்ன சொன்னவை எண்டு கேக்கவே இல்லை.

முன்வாசலாலதான் கூட்டிக்கொண்டு போனன். இனி என்னத்துக்குச் சமையலறைப் பக்கம்? மெஷினுகளுக்கு நடுவால நடக்கேக்க, கோப்பி குடுக்கிற பெட்டை ஒருத்தி "போன்ஜூர் மிஸியூ" எண்டு சிரிச்சு, கேளாமலே பால் விடாத கோப்பி ஒண்டை அவரிட்ட நீட்டினாள். அண்ணை தலையை நிமித்தேல்ல. நான்தான் மெர்சி சொல்லி வாங்கினன்.

அவரை மண்டபத்துக்குள்ள கண்ட உடன சனமெல்லாம் எழும்பிட்டுது. என்ர மனிசன் மைக்கைப் பிடிச்சு, மருமகளுக்காக இந்த ஒரு நாள் மட்டும் அண்ணை உள்ள வந்திருக்கிறார் எண்டு சொல்ல, எல்லாரும் கை தட்டினவை. பால் அறுகு வைக்கேக்க அண்ணைக்குக் கண்ணீர் மறைச்சுப் பால் பெட்டையின்ர மூக்கில வழிஞ்சது. மாமா ஏன் அழுகிறார் எண்டு அவள் என்னைப் பிரெஞ்சில கேட்டாள். சந்தோசத்தில எண்டு சொன்னன். தாயெண்டால் பொய்யும் சொல்லத்தான் வேணும்.

சாப்பாடு முடிஞ்சு சனம் கலைய, பழக்கதோசத்தில நான் பட்டுச்சீலையோட கதிரை அடுக்கத் தொடங்கினன். அண்ணை வந்து மற்றப் பக்கத்தால அடுக்கினார். கொஞ்ச நேரத்தால "பிள்ளை" எண்டு வாயெடுத்தார். என்ன சொல்லப்போறார் எண்டு எனக்குத் தெரியும். இனி வரமாட்டன் எண்டுதான் சொல்லுவார். அதைக் கேக்க எனக்குப் பலமில்லை.

"ஒண்டும் சொல்லாதேங்கோ அண்ணை. வாறதெண்டால் நான் நிக்கிற நாளில வாங்கோ. எனக்கு ஒளிச்சு மட்டும் வராதேங்கோ."

மச்சாளுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. அவ சித்திரைக்கு வந்து பாக்கிறன் எண்டிருக்கிறாவாம். என்ர மனிசன் இப்பவும் அண்ணையின்ர பெருமையை ஊரெல்லாம் கதைச்சுக்கொண்டு திரியிறார்.

இப்ப அண்ணை வியாழக்கிழமையில வாறார். மத்தியானம் நான் மெஷினடிக்குப் போய்த் தோளில தட்டினால் எழும்பி வருவார். பின்பக்கத்து நீட்டு வாங்கில குந்தி, நான் கொண்டுபோன புட்டைச் சாப்பிடுவார். உறைப்புக் காணாது எண்டும் சொல்லுவார். சாப்பிட்டு, கையைக் கழுவி, வேட்டியில துடைக்கிற பழக்கத்தில காற்சட்டையில கையைத் துடைச்சுக்கொண்டு திரும்ப உள்ள போவார். அந்தக் கதவு பாரம். அவர் போகுமட்டும் நான்தான் அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறனான்.