பெட்ரோல் காரில் டீசல் வேனின் டர்போ

நுவரெலியாப் பக்கம் லிந்துலையில் கராஜ் வைத்திருக்கும் நண்பன் செல்வா, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ ஒன்றை டீசல் வேனில் கழற்றித் தன் பெட்ரோல் காரில் பூட்டியிருக்கிறான். உள்ளே இதழ்கள் திறந்து மூடி, தள்ளும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வகை.

"ஏறு மச்சான், ஏத்தத்துல எப்படி இழுக்குதுன்னு பாரு."

ஏறினேன்.

எல்லா வண்டியும் நின்று காசு போடும் பிள்ளையார் கோயில் வளைவில் அவன் நிற்கவில்லை. ஆக்சிலேட்டரை லேசாகத்தான் மிதித்தான். கார் பாய்ந்தது. பிரேக் பிடித்து நின்றபோது என் கதவுக்கு வெளியே பாதை இல்லை. பள்ளத்தில் வெறும் பனிமூட்டம்.

பானட்டைத் திறந்தான். டர்போ அடுப்புத் தணலாய்ச் சிவந்திருந்தது.

"டீசல விட பெட்ரோல் பொக சூடு கூட. இதழெல்லாம் மூடினபடியே இறுகிருச்சு, அதான் காத்த அள்ளிக் குடுத்துருச்சு" என்று சிரிக்கிறான்.

"நுவரெலியா கார் ரேஸுக்கும் பக்கத்து சீட்டு ஒனக்குத்தான்."

அந்தச் சீட்டு வேண்டியவர்கள் கீழே கமெண்டில் பெயர் போடுங்கள். வீட்டுக்காரர்களின் போன் நம்பரையும் சேர்த்து.