பிள்ளையை நினைத்துச் சிரிக்கச் சொன்னார்கள்

பாஸ்போர்ட் படம் எடுக்கக் கல்முனையில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண் கமெராவுக்கு எதிரே நின்றாள். சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போகிறவள். அபாயா புதிது, செருப்பு பழையது. முக்காட்டைத் தாடைக்குக் கீழே இரண்டு விரலால் பிடித்தபடியே இருந்தாள். கையை இறக்கச் சொன்னால் இறக்குவாள். அடுத்த நொடி விரல்கள் மேலே போய்விடும்.

கூட வந்த ஏஜென்சிக்காரர் போனைப் பார்த்தபடியே சொன்னார்: "சிரிச்ச மொகமா எடுங்க. படத்தப் பாத்துத்தான் அங்க ஆள் எடுக்கிற."

அவள் பல்லைக் காட்டினாள். "இது சிரிப்பில்ல" என்று மூன்று படங்களை அழிக்க வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரோ பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவளின் பல்லில் இவர்களுக்கு என்ன வேலை? செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்க அவள் என்ன மீனா?

படம் எடுப்பவர் இதமாகத்தான் சொன்னார்: "ராத்தா, ஒங்கட புள்ளய நெனச்சிக்கங்க. சிரிப்பு தானா வரும்."

"புள்ளய நெனச்சா நான் போகவே மாட்டன் தம்பி. வேற ஏதும் சொல்லுங்க."

படம் எடுப்பவர் கமெராவுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். நாலாவது படத்தில் அவள் சிரித்தாள். அசல் சிரிப்புப் போலவே இருந்தது. எதை நினைத்தாளோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏஜென்சிக்காரர் தலையாட்டினார்.

பிறகு நான் போய் உட்கார்ந்தேன்.

"சேர், பாஸ்போர்ட் படத்துக்குச் சிரிக்கப்படாது" என்றார் படம் எடுப்பவர்.

"இஞ்ச ஆரு சிரிச்ச?" என்று கேட்டேன்.