கோழியிடம் கேட்டு வாங்கிய சைலன்சர்

என் தங்கை அமுதவல்லி ஜெயித்தவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாமதித்தால் அவளுடைய புகுந்த வீட்டார் நடுவில் புகுந்து, அதெல்லாம் தாங்கள் பார்த்துக் கொடுத்தது என்பார்கள். பொம்பளைக்கு எதற்கு ஸ்டியரிங் என்று கேட்ட ஊரில் ஓட்டுநர் உரிமம் வாங்கினாள். பழைய இரும்புக்குப் போக இருந்த ஆம்னி வேனைத் தடுத்து நிறுத்தி அதை வைத்தே பிழைத்தாள். ஆண்கள் மட்டும் எடுத்துக்கொண்டிருந்த கீறல் முட்டை வியாபாரத்தில் ஒரு பெரிய பண்ணையைப் பிடித்தாள். இரண்டு பெண் பிள்ளைகளைப் பிளஸ் டூ தாண்டவைத்தாள். கடைசியாக ஒரு சைலன்சரை ஜெயித்தாள். மற்றவை எல்லாம் ஊருக்குத் தெரியும். சைலன்சர் கதையைத்தான் ஆளுக்கொரு விதமாகத் திரித்துச் சொல்கிறார்கள். அதனால் அதை நான் நடந்தபடி எழுதுகிறேன்.

அமுதவல்லி பள்ளிக்கூடம் போனது ஒன்றரை நாள். இரண்டாம் நாள் மதியம் வாத்தியார் காதைத் திருகினார். பலகையை அவர் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். திரும்பிப் போகவில்லை. ஆடு பார்க்க ஆள் கிடைத்ததே என்று எங்கள் அப்பாவும் அதோடு விட்டுவிட்டார். அக்காவான நான் எட்டாவது வரை போனேன். அதனால் எங்கள் வீட்டுக் காகிதம் எதுவானாலும் நான்தான் படிப்பேன், அவள் விரலை வைப்பாள்.

திருச்செங்கோட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை ராசுவுக்கு ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் வேலை. வடநாட்டில் எங்காவது பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார். நல்லவர்தான், ஆனால் வீட்டில் இருப்பது அவருடைய அண்ணன் தீர்த்தகிரி. இவரும் இருபது வருடம் போர் வண்டியில் இருந்தவர். இப்போது குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் முட்டை ஏற்றிக்கொண்டு, கேட்டவனுக்கெல்லாம் புத்திமதி சொல்வதை முழுநேர வேலையாகச் செய்கிறார். என் தங்கையை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முகத்துக்கு நேரே அம்மிணி, முதுகுக்குப் பின்னால் கைநாட்டு.

பண்ணையில் விரிசல் விட்ட முட்டைகளைத் தனியாக எடுத்து வைப்பார்கள். அவற்றைக் காலையில் எடுத்துப்போய், சேலத்தில் பேக்கரிகளுக்கும் ஆம்லெட் கடைகளுக்கும் கொடுப்பது அவள் தொழில். முட்டை அடுக்கும் அட்டைகள் எல்லாருடையதும் ஒரே மாதிரி இருக்கும். இவளுடையது அடிக்கடி காணாமல் போயிற்று. எங்கே போயிற்று என்று எல்லாருக்கும் தெரியும். குட்டியானையின் பின்பக்கத்தைப் பார்த்தால் போதும். இவள் சண்டைக்குப் போகவில்லை. ரேஷன் கார்டில் அச்சடித்திருந்த தன் பெயரைப் பார்த்துப் பார்த்து, தடித்த மார்க்கர் பேனாவால் ஒவ்வோர் அட்டையிலும் போட்டுவைத்தாள். எழுதினாள் என்று நான் சொல்ல மாட்டேன். கோலம் போடுவதுபோல ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடிப்பாள். அட்டை காணாமல் போவது நின்றது. அப்போதும் கைநாட்டு என்ற பெயர் நிற்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் வேனின் சைலன்சர் போயிற்று. உடைந்த முட்டை வழிந்து நாறும் என்று தினமும் வண்டியைக் கழுவுவாள். நிறுத்துவது கோழி எருக் குழிக்குப் பக்கத்தில். இரும்பு எத்தனை நாள் தாங்கும்? முதலில் ஒரு பொட்டு ஓட்டை. எண்ணெய் டின் தகரத்தைச் சுற்றிக் கம்பி கட்டினாள். ஒரு மாதத்தில் பின்பக்கம் முழுக்க அப்பளம்போல் உதிர்ந்தது. வேன் வருவது மூன்றாவது தோட்டம்வரை கேட்டது.

புதன்கிழமை காலை பண்ணை மேனேஜர் அன்பரசு கேட்டிலேயே கையை நீட்டித் தடுத்தார்.

"ஏனுங்கக்கா, இது வேனா, போர் லாரியா?"

"ஓட்டை உழுந்திருச்சுங்க சார். சரி பண்ணிப்போடறனுங்க."

"நேத்து நீங்க உள்ள வந்ததும் ரெண்டாம் செட்டுல அத்தன கோழியும் றெக்கைய அடிச்சுக்கிட்டு கம்பில போய் முட்டுதுங்க. இன்னைக்கு முட்டை கொறஞ்சு போச்சு. மொதலாளி என்னையத்தான் புடுங்கறாரு. வர்ற திங்கக்கெழம, கீறல் முட்டைய ஒரு வருசத்துக்கு ஒரே ஆளுக்குன்னு பேப்பர் போடறாங்க. சத்தமில்லாம வந்தீங்கன்னா அது உங்களுக்கு. இல்லாட்டி உங்க மாமா கேட்டுட்டே இருக்காரு."

மாமா என்றால் தீர்த்தகிரி. அந்தப் பண்ணை போனால் அவளுக்கு மிச்சம் இருப்பது வேனும் கழுவுகிற தண்ணீரும்தான். பெரியவள் நர்சிங் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டிய மாதம் வேறு.

கம்பெனிக் கடையில் விசாரித்தாள். விலையைக் கேட்டதும் பையை மூடிக்கொண்டாள். போதாததற்கு வர பத்து நாள் ஆகும் என்றார்கள். இதைக் கேட்டுத் தீர்த்தகிரி வாய்விட்டுச் சிரித்தார்.

"கம்பெனிச் சாமான் எதுக்கு அம்மிணி? நம்ம மாரி இருக்கறான். தகடு வெட்டி ஒரே நாள்ல செஞ்சு குடுப்பான். அவன் செய்யாத சைலன்சரா?"

மாரியும் பழைய போர் வண்டி ஆள்தான். கம்ப்ரசர் பக்கத்தில் நின்று நின்று இருவருக்கும் காது போய்விட்டது. காது போனதை நான் குற்றம் சொல்லவில்லை. அந்தத் தொழிலில் யாருக்கும் போகும். போகவே இல்லை என்று சாதித்துக்கொண்டு, சத்தத்துக்குத் தீர்ப்பு சொல்ல வந்து நிற்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். வியாழக்கிழமை மாரி ஒரு தகர உருளையை மாட்டி வண்டியைக் கிளப்பினான். பட்டறைக் கூரையில் இருந்த புறா எல்லாம் பறந்தது. தீர்த்தகிரி குனிந்து, கண்ணை மூடி, பாட்டுக் கச்சேரி கேட்பவர்போலத் தலையாட்டினார்.

"சத்தம் வருதா மாரி?"

"ஆங்?"

"சத்தம்! சத்தம் வருதான்னேன்!"

"சத்தமா? ஒண்ணுங் காணமுங்க!"

"பாத்தியா அம்மிணி, பூனை போறாப்பல போகுது. எடுத்துட்டுக் கெளம்பு."

"மாமா, எனக்குப் பல்லு அதிருதுங்."

"புது இரும்பு அப்பிடித்தான். நாலு நாள் ஓடுனா படிஞ்சிரும். காசக் குடுத்துட்டுப் போ."

ஆண்கள் இருவர் சொல்கிறார்களே என்று கொடுத்துவிட்டு வந்தாள். அவள் வாழ்க்கையில் செய்த தப்புகளை விரல்விட்டு எண்ணினால் இதற்குக் கட்டைவிரலைக் கொடுக்கலாம். வெள்ளிக்கிழமை காலை வேன் பண்ணைக்கு இன்னும் அரைக் கிலோமீட்டர் இருக்கும்போதே அன்பரசு ரோட்டுக்கு ஓடிவந்து இரண்டு கையையும் ஆட்டினார். முட்டைகளை ஆள் வைத்துத் தலைச்சுமையாக வெளியே கொண்டுவந்து ஏற்றிவிட்டார்கள்.

"இன்னும் திங்கக்கெழமதானுங்க கணக்கு," என்றார் அன்பரசு. "அன்னைக்கும் இப்பிடியே வந்தீங்கன்னா நான் ஒண்ணும் பேச முடியாது."

அன்று மதியம் அவள் வீட்டில்தான் இருந்தேன். பண்ணையில் கழித்துவிட்ட கோழிகளில் மூன்றை வாங்கி வளர்த்துவந்தாள். கூண்டிலேயே வளர்ந்த ஜாதி. திறந்துவிட்டாலும் கூண்டைச் சுற்றியே மேயும். அவள் வேனைக் கிளப்பிப் பின்னால் நகர்த்தினாள். மூன்று கோழிகளும் கொத்துவதை விட்டன. மூன்று கழுத்தும் ஒரே நேரத்தில் நீண்டு நிமிர்ந்தன. வண்டியை அணைத்தாள். சற்று நேரம் கழித்துக் கழுத்துகள் இறங்கின. மறுபடி கிளப்பினாள். மறுபடி நிமிர்ந்தன.

வண்டியிலிருந்து இறங்கி இடுப்பில் கையை வைத்து நின்றாள்.

"அக்கா, இதுககிட்டல்ல கேட்டிருக்கோணும். மாமாகிட்டயும் மாரியண்ணன்கிட்டயும் போய்க் கேட்டம் பாரு."

சனிக்கிழமை சங்ககிரிக்குக் கிளம்பினோம். முன்சீட்டில் நான், என் மடியில் கூண்டு. தெருமுனையில் தீர்த்தகிரி பார்த்துவிட்டார்.

"கோழிய எங்க அம்மிணி கொண்டுட்டுப் போற?"

"சைலன்சர் வாங்கறதுக்குங் மாமா."

"என்னது?"

"சைலன்சருங்!"

"கோழிகிட்டக் கேட்டா சைலன்சர் வாங்குவாங்க?" என்று டீக்கடைக்கே கேட்கும்படி சொன்னார். டீக்கடை சிரித்தது. அந்த டீக்கடை எதற்குத்தான் சிரிக்காது?

சங்ககிரியில் உடைத்துவிற்கும் வண்டிகளின் சாமான் கடை ஒன்று. அப்துல் சலாம் என்பவருடையது. கல்லாவில் இருப்பது அவர் மனைவி ஷரீஃபுன்னிசா. நாங்கள் போனது சாப்பாட்டு நேரம். லாரிப் பட்டறைகள் எல்லாம் ஓய்ந்து, ரோடே அமைதியாக இருந்தது. அமுதவல்லி விஷயத்தைச் சொன்னாள். ஷரீஃபுன்னிசா கூண்டைப் பார்த்தார், சிரிக்கவில்லை.

"நல்ல யோசனதானுங்க. எங்க வீட்டுக்காரரக் கேட்டீங்கன்னா எல்லாமே நல்லாத்தான் இருக்கும்பாரு. முப்பது வருசம் லாரி ஓட்டுன காது."

அப்துல் சலாம் சாப்பிட்ட தட்டிலேயே கைகழுவிவிட்டு எழுந்து வந்தார். "ஆமாங்க, சன்னல் பக்கத்துக் காது எனக்குச் சுத்தமாக் கேக்காது. கோழியே சொல்லட்டும்," என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார்.

ஒரு மனிதர் இவ்வளவு லேசாக ஒப்புக்கொள்ள முடிகிற விஷயம் இது. எங்கள் பக்கத்தில் இரண்டு பேருக்கு அது உயிர் போகிற மானப் பிரச்சினை.

மாரியின் உருளையைக் கழற்றியதும் ஷரீஃபுன்னிசா அதன் வாயில் கண்ணை வைத்துப் பார்த்தார். "உள்ள ஒரு தடுப்புத் தகடுகூட இல்லீங்களே! நேர்க்குழாய். சத்தம் இப்பிடிப் போயி இப்பிடி வந்துரும். எந்த மகராசன் செஞ்சது?"

"எங்க மாமாவுக்கு வேண்டியவருங்," என்றாள் அமுதவல்லி.

"தெரியுது."

கூண்டை வேனுக்குப் பின்னால் பத்தடி தள்ளி வைத்து, கம்புத் தானியத்தைத் தூவினாள். பழைய சைலன்சர் ஒன்றை மாட்டிக் கிளப்பினார்கள். மூன்று கழுத்தும் எழுந்தன. இரண்டாவதை ஷரீஃபுன்னிசா மாட்டவே விடவில்லை. கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தபோதே உள்ளே எதுவோ கலகலத்தது. "இதக் கொண்டாந்து அலமாரில வெச்சது யாருங்க?" என்று வண்டிக்கு அடியில் பார்த்துக் கேட்டார். அடியில் ஸ்பேனர் பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருந்தது. அந்தக் கேள்வி கேட்காத காதுப் பக்கம் விழுந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, முன்பக்கம் இடித்து நொறுங்கிய ஒரு வேனிலிருந்து எடுத்தது. பின்பக்கத்தில் கீறல்கூட இல்லை. மாட்டிக் கிளப்பியதும் இரண்டு கோழிகள் கொத்திக்கொண்டே இருந்தன. ஒன்று மட்டும் பாதிக் கழுத்தைத் தூக்கியது.

"மூணுக்கு ரெண்டு போதாதுங்களா?" என்றார் அப்துல் சலாம்.

"அங்க செட்டுல ஆயிரக்கணக்குல இருக்குதுங்கண்ணா. மூணுல ஒண்ணுன்னா பாத்துக்குங்க."

அவர் மறுபடி படுத்தார். ஷரீஃபுன்னிசா குழாய் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்து, அங்கே காற்று சீறுகிறது என்று கண்டுபிடித்தார். இணைப்பில் போட்டிருந்த பழைய கேஸ்கட் கருகிப் போயிருந்தது. புது கேஸ்கட் போட்டு, சைலன்சரைத் தாங்குகிற ரப்பர்களையும் புதிதாக மாட்டினார்கள். வண்டியைக் கிளப்பியபோது மூன்றும் கம்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. அமுதவல்லி ஆக்சிலேட்டரை ஒருமுறை மிதித்தாள். அதற்கும் அவை அசையவில்லை. ஒன்று காலை மடித்து உட்கார்ந்தே விட்டது.

"கையெழுத்துப் போட்டுருச்சு," என்றார் ஷரீஃபுன்னிசா.

புதுசின் விலையில் கால்வாசிக்கும் குறைவாகத்தான் ஆனது. மாரியின் உருளையை எடைக்கு எடுத்துக்கொண்டார்கள். எடையைத் தவிர அதில் வேறு சரக்கு இல்லை.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். தீர்த்தகிரி முன்னதாகவே வந்து, குட்டியானையைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் புதுத் திருநீறு. இரண்டாம் செட்டுக்குப் போகிற பாதையின் நடுவில் நின்று, கேட்டுக்கு முதுகைக் காட்டியபடி, என் தங்கையின் வண்டி எவ்வளவு சத்தம் என்று மேனேஜருக்குக் கை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

வேன் அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. அவர் விளக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் அன்பரசு அவர் தோளைப் பிடித்து ஓரமாக இழுக்க வேண்டியிருந்தது.

"வழிய உடுங்க, வண்டி போகட்டும்."

திரும்பிப் பார்த்த தீர்த்தகிரியின் முகத்தை எழுத எனக்குப் படிப்புப் போதாது.

வேன் செட்டின் நீளத்துக்கும் மெதுவாகப் போயிற்று. தீவனத்தைக் கொத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு கழுத்துகூட எழவில்லை. அன்பரசு கடைசிவரை கூடவே நடந்து பார்த்தார். பிறகு ஆபீஸ் அறைக்கு வாங்க என்றார்.

ஒரு வருடத்துக்கான பேப்பரை மேசையில் விரித்தார். தீர்த்தகிரி விடாமல் உள்ளே வந்து, எங்களுக்கு முன்னால் நின்றார். தோற்றவன் போகிற வழி அவருக்கு என்றைக்கும் தெரிந்ததில்லை.

"அம்மிணிக்குக் கைநாட்டுங்க சார். மைப்பெட்டி எடுங்க. சாட்சிக்கு வேணா நான் போட்டுடறேன்."

அன்பரசு மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். அமுதவல்லி அதை மூடித் திருப்பித் தள்ளினாள்.

"பேனா குடுங்க சார்."

"பேனாவா?"

"மெல்லிசுப் பேனால எனக்கு வராதுங்க. அட்டைல எழுதறாப்பல தடிப்பேனா இருந்தாக் குடுங்க."

மருந்துப் பெட்டிகளில் பெயர் எழுத வைத்திருந்த மார்க்கரை எடுத்துக் கொடுத்தார். அவள் மூடியைப் பல்லால் கழற்றினாள். முதல் எழுத்தில் தொடங்கி, நிறுத்தாமல், போட்டிருந்த கோட்டைத் தாண்டி, பேப்பரின் ஓரம்வரை போனாள்.

"இவ்வளவு பெருசா வேண்டாமுங்கக்கா," என்றார் அன்பரசு.

"என்ற பேரு அத்தன நீளமுங்க சார்."

அவர் சிரித்துக்கொண்டே, மிச்சமிருந்த கொஞ்ச இடத்தில் தேதியைப் போட்டார். 21-8-2023, திங்கட்கிழமை.