அடித்தவன் வழிவிட்டான்

மலையாள நாட்டில், வலியசாலையில் எங்கள் தெருவிலேயே உயரமானவன் நான்தான். அப்போது சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தேன். ஒரு சாயங்காலம் சாலைக் கடைவீதியில் புளி வாங்கிக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒருவன் வந்து என் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். கீழே விழுந்தேன். எழுந்திருப்பதற்குள் அவன் கூட்டத்தில் மறைந்துவிட்டான்.

போலீஸ் ஸ்டேஷனில் கான்ஸ்டபிள், "சும்மா ஒருத்தன் வந்து அடிப்பானோ? நீ எந்தெங்கிலும், ஏதாவது செய்திருப்பே" என்றார்.

வீட்டில் அண்ணா கத்தினார். "இத்தனை பெரிய சரீரத்தை வச்சுண்டு திருப்பி ஒண்ணு குடுக்கலையா? ஆம்பளைதானேடா நீ?"

மறுநாள் மேலதிகாரியோ, "நீர் திருப்பி அடிக்காதது நல்லதாச்சு. அடிச்சிருந்தா உத்தியோகம் போயிருக்கும்" என்றார்.

மூன்று பேரிடமும் தலையாட்டினேன். உண்மையில், அறை விழுந்தபோது எனக்குக் கோபமே வரவில்லை. இவன் யாரைத் தேடி வந்தானோ என்றுதான் தோன்றியது.

சில வாரங்கள் கழித்து, அவன் அதே கடைவீதியில் எதிரே வந்தான். என் கை தானாக இறுகியது. அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "ஸ்வாமி போகட்டே" என்று மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டான். நானும் போய்விட்டேன்.

வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. அடிக்க வேண்டாம் என்று நினைத்தேனா, அடிக்க முடியவில்லையா என்பது இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.